திவானை யார் நீக்குவது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரத்தைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை வரும். அடுத்தது பாறசாலை. அதையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். இந்தப் பாதையை ஒட்டிய அதியன்னூரில் 1878 மே 25 அன்று பிறந்தவர் கே. ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியராக இருந்து, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைமை நிர்வாகியான திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனையைச் சூழ்ந்திருந்தவர்களின் முறைகேடுகளையும் இடைவிடாமல் எழுதியவர். 1910 செப்டம்பர் 26 அன்று மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் ஆணை வந்தது. அச்சகத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஆசிரியரைக் கைது செய்து, எல்லை தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் அவர் இறந்தார். அப்போது 38 வயது நிறைந்திருக்கவில்லை.

விசாரணை இல்லை, வழக்கும் இல்லை. திருவிதாங்கூரில் அப்போது சட்டமன்றம் இருந்தது. அது தொடங்கி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள் பிரதிநிதிகளின் சபையும் இருந்தது. அதற்கு ஆறு வயது. இரண்டில் எதையும் அரசு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏன் நாடுகடத்தினாய் என்று திவானிடம் கணக்குக் கேட்டு, பதில் சரியில்லையென்றால் அவரைப் பதவியிலிருந்து இறக்கும் அதிகாரம் இரண்டு சபைகளுக்கும் இல்லை.

மன்னரும் மக்கள் சபையும் சேர்ந்து ஆளும் முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சபை எப்போது தொடங்கியது, எத்தனை பேர் இருந்தார்கள், யாருக்கு வாக்கு என்பவற்றிலேயே கவனம் நின்றுவிடுகிறது. அவை முக்கியமானவைதான். ஆனால் ஆட்சியின் உண்மைத் தன்மையை அளக்க அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு: நிர்வாகத்தை நடத்துகிறவரை யார் நீக்க முடியும்? இந்த ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திருவிதாங்கூரின் அறுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், முடியாட்சிக்குள் மக்களாட்சி எப்படி நுழைகிறது, எங்கே தடுக்கப்படுகிறது, நுழைந்த பிறகும் எதைச் சாதிக்க முடியாமல் போகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

இங்கிலாந்து இந்தக் கேள்விக்கு விடை காண நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அங்கே ஒப்புதல் மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் அரசி, ஆண்டு 1708. அதன்பின்னும் அமைச்சர்களை வைப்பதும் நீக்குவதும் மன்னர் கையிலேயே இருந்தன. 1834இல் நான்காம் வில்லியம் மன்னர் மெல்போர்ன் அமைச்சரவையை நீக்கிவிட்டு ராபர்ட் பீலை அழைத்தார். பீலுக்கு மக்களவையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வாக்கெடுப்புகளில் அடுத்தடுத்துத் தோற்று அவர் விலகவே, 1835 ஏப்ரலில் அதே மெல்போர்னை மன்னர் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பிரிட்டிஷ் மன்னரும் பெரும்பான்மை உள்ள அமைச்சரவை ஒன்றை நீக்கத் துணியவில்லை. அப்படி நீக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் அங்கே எழுதப்படவில்லை. ஒரு மன்னர் முயன்று தோற்றார். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

ஆணைகள் மன்னர் பெயரில் வரும். பழி அமைச்சர் தலையில் விழும். அதனால்தான் 2019இல் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி இரண்டாம் எலிசபெத் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 24 அன்று அதைச் செல்லாது என்று அறிவித்தும் அரசியின் மீது குற்றம் எதுவும் படியவில்லை. ஆலோசனை சொன்னவரே பொறுப்பாளி. மன்னரின் கை கட்டப்பட்டிருப்பதுதான் மன்னருக்கும் பாதுகாப்பு.

இந்த வழக்கத்தைத் தங்கள் நாட்டில் வளர்த்துக்கொண்டவர்கள் திருவிதாங்கூரில் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டை ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, இறைவனின் அடியாராக, பத்மநாபதாசராக, ஆளத் தொடங்கினார். வேணாட்டின் பகைவர்களிடமிருந்து தப்ப அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. அந்த வலிமைமிக்க அரசு 1795, 1805 உடன்படிக்கைகளுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனையை மீற முடியாத அரசாகியது. கர்னல் மன்றோ சில ஆண்டுகள் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் திவானாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். பின்னாளைய திவான்களும் ரெசிடெண்டின் இசைவு இல்லாமல் பதவியில் நிலைத்ததில்லை. திவான் மேலே இரண்டு பேருக்குப் பதில் சொன்னார்: ஒருவர் மகாராஜா, மற்றவர் ரெசிடெண்ட். கீழே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1888இல் ஸ்ரீமூலம் திருநாள் சட்டமன்றம் அமைத்தார். இந்திய சமஸ்தானங்களில் முதலாவது என்று இன்றும் பெருமையோடு சொல்லப்படுவது அதுதான். எட்டே உறுப்பினர்கள். அவர்களில் அரசு அலுவலர் அல்லாதவர் இருவர். தலைவர் திவான். ஆகஸ்ட் 23 அன்று அவர்கள் முதலில் கூடியது திவானின் அலுவலக அறையில். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி அவர்கள் பேச முடியாது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. தாலுகாவாரியாக நூறு பேர் விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில் கூடினார்கள். நிலவரி கட்டும் பெரிய உடைமையாளர்கள், வணிகர்கள் ஆகியோரின் சபை அது. அடுத்த ஆண்டே தேர்தல் முறை புகுந்தது என்றாலும் வாக்குரிமை வரியோடும் பட்டத்தோடும் கட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கொருமுறை கூடி, குறைகளைச் சொல்லி, திவானின் பதிலைக் கேட்டுவிட்டுக் கலைவார்கள்.

இதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அதியன்னூருக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1911இல் பிரஜா சபையின் நியமன உறுப்பினரானார். பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியதற்காகவே அடிதடியைச் சந்தித்தவர். நிலம் வேண்டும், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அரசு வேலை வேண்டும் என்று திவானின் முகத்துக்கு நேரே கேட்டார். வரி கட்டுவோரும் பட்டதாரிகளும் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலில் புலையர் சமூகத்தின் தலைவர் ஒருவர் வென்று வந்திருக்கவே முடியாது. மகாராஜாவின் நியமனம்தான் அவருக்கு அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணை பிறந்த பிறகும் ஊரூட்டம்பலத்துப் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது, பள்ளிக்கூடம் எரிக்கப்பட்டது. அதுவும் நெய்யாற்றின்கரைச் சீமைதான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். திவானின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட ராமகிருஷ்ண பிள்ளை, புலையர் குழந்தைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பதை எதிர்த்துத் தம் இதழில் எழுதினார். மக்களாட்சியைக் கேட்டவரின் ‘மக்கள்’ என்ற எண்ணத்துக்குள் அடுத்த ஊர்க் குழந்தைகள் அடங்கவில்லை. அவருடைய தியாகத்தை இது சிறுமைப்படுத்தாது. ஆனால் அதை மறைத்து அவரைக் கொண்டாடுவது அய்யன்காளிக்குச் செய்யும் அநீதி.

1921க்குப் பிறகு சட்டமன்றம் 50 பேர் கொண்டதாக விரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோருக்குப் பெரும்பான்மை கிடைத்தது. பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் நியமன உறுப்பினராக அமர்ந்தார். அந்தச் சபைக்கு வந்த பெரிய சோதனை வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளை எல்லோருக்கும் திறந்துவிடக் கோரும் தீர்மானம் 1925 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 22க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று, சித்திரைத் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனத்தால் கோயில்களையே எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார்.

சபையால் ஆகாதது மன்னரின் கையெழுத்தால் ஆயிற்று என்று இதைக் காட்டி முடியாட்சியைப் புகழ்வோர் உண்டு. அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். சாலையில் நடக்க அனுமதி இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை. அத்துடன் அரசரின் கருணை திடீரென வானத்திலிருந்து இறங்கவும் இல்லை. 1932இல் இரு அவைகள் கொண்ட சட்டமன்றம் அறிவிக்கப்பட்டபோது, நிலவரியோடு கட்டப்பட்ட வாக்குரிமையில் தங்களுக்கு உரிய இடம் கிடைக்காது என்று ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். ‘நிவர்த்தனம்’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். 1935இல் கோழஞ்சேரிப் பேச்சுக்காக சி. கேசவன் ராஜதுரோகக் குற்றத்தில் சிறை சென்றார். ஈழவர்கள் கூட்டமாக மதம் மாறிவிடுவார்களோ என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. அந்த நெருக்கடியின் நடுவே வந்ததுதான் கோயில் நுழைவுப் பிரகடனம்.

புதிய இரு அவைகளிலும் திவானே தலைவர். நிர்வாகத்தின் தலைவரும் அவரே. கேள்வி கேட்பதை அனுமதிப்பவரும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவரும் ஒருவரே. 1936 அக்டோபரில் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர்.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. தலைவர் பட்டம் தாணு பிள்ளை. கோரிக்கை ஒன்றே ஒன்று: பொறுப்பாட்சி. மன்னர் இருக்கட்டும், அவர் பெயரால் ஆள்பவர்கள் வயதுவந்தோர் அனைவரும் தேர்ந்தெடுத்த சபைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். மகாராஜாவை அகற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மன்னரைத் தொடாமல் திவானைத் தொடும் இந்தக் கோரிக்கையைத்தான் சி.பி. பெரிய ஆபத்தாகக் கண்டார். ஆகஸ்ட் இறுதியில் அமைப்பு தடைசெய்யப்பட்டது, தலைவர்கள் கைதானார்கள்.

ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் என்.கே. பத்மநாப பிள்ளை கைது செய்யப்பட்டதும் மக்கள் திரண்டார்கள். படை சுட்டது. உயிர்கள் போயின. அன்று மாண்ட ராகவனை ஊர் இன்றும் வீரராகவன் என்றே சொல்கிறது. அக்டோபரில் அக்கம்மா செறியான் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்குப் பேரணி நடந்தது. துப்பாக்கி நீட்டிய படையின் முன் அவர் தாமே முதலில் போய் நின்றார். நெய்யாற்றின்கரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு எந்தச் சபையிலும் எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. அமைச்சர் என்று ஒருவர் இருந்திருந்தால்தானே விலக முடியும்.

அதே 1938இல் வடக்கே கொச்சி வேறு வழியில் நடந்தது. அங்கே மன்னர் சட்டத்தின் மூலம் சில துறைகளைச் சபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரிடம் விட்டார். அம்பாட்டு சிவராம மேனன் அந்த அமைச்சர். இந்திய சமஸ்தானங்களில் இது முதல்முறை. பாதி அதிகாரம்தான், அதுவும் முக்கியமில்லாத பாதி. ஆனாலும் நீக்கக்கூடிய அமைச்சர் ஒருவர் வந்துவிட்டார் என்பதால் கொச்சி அரசமைப்பு வளர்ச்சியில் திருவிதாங்கூரை முந்திவிட்டது. சபை தொடங்கியதில் திருவிதாங்கூர் கொச்சியைவிட முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது என்பதை நினைத்தால், வயதுக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பில்லை என்பது விளங்கும்.

1946இல் சி.பி. ஒரு திட்டத்தை முன்வைத்தார். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. ஆனால் நிர்வாகம் திவானிடம், அவரைச் சபை நீக்க முடியாது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரைக் காங்கிரஸ் சபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது அல்லவா, அதேபோல என்பது அவர் வாதம். வாதத்தின் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்கத் தலைவரைச் சபை நீக்காவிட்டாலும் நான்காண்டுக்கொருமுறை மக்கள் மாற்றலாம். திவானை நியமிப்பது அரண்மனை. ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்ற முழக்கத்தோடு தொழிலாளர்கள் எழுந்தார்கள். அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் படையால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் குருதி அந்தத் திட்டத்தை முடித்துவைத்தது.

1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று சி.பி. அறிவித்தார். ஜூலை 25 அன்று இசை அகாதமி விழாவில் கே.சி.எஸ். மணி அவரை வெட்டினார். காயத்தோடு உயிர் பிழைத்த சி.பி.யின் யோசனைப்படியே மகாராஜா இந்திய ஒன்றியத்தில் சேரச் சம்மதித்தார். ஆகஸ்டில் சி.பி. விலகினார். செப்டம்பர் 4 அன்று பொறுப்பாட்சி அளிக்கும் பிரகடனம் வெளியானது.

அடுத்து வந்த காலம் வரலாற்றில் சரியாக எடைபோடப்படாதது. 1948 பிப்ரவரியில் வயதுவந்தோர் வாக்குரிமைப்படி 120 பேர் கொண்ட சபைக்குத் தேர்தல் நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னதாக, நெய்யாற்றின்கரையின் நெசவாளரும் பனையேறியும் விளவங்கோட்டுக் கூலியாளும் வாக்களித்தார்கள். மார்ச் 24 அன்று பட்டம் தாணு பிள்ளை, சி. கேசவன், டி.எம். வர்கீஸ் மூவரும் அமைச்சர்களானார்கள். 1949 ஜூன் 30 வரை திருவிதாங்கூரில் ஒரு மகாராஜா இருந்தார். சபைக்குப் பொறுப்பான அமைச்சரவை இருந்தது. சட்டப் புத்தகங்கள் சொல்லும் அரசியலமைப்பு முடியாட்சி அந்தப் பதினைந்து மாதங்களில் உண்மையாகவே இங்கே நடந்தது.

அதன் உரைகல் சீக்கிரமே வந்தது. சொந்தக் கட்சியின் உறுப்பினர்களே பட்டம் தாணு பிள்ளையின் தலைமையை எதிர்த்தார்கள். அக்டோபரில் அவர் விலகினார், பறவூர் டி.கே. நாராயண பிள்ளை முதல்வரானார். அரண்மனையின் விருப்பு வெறுப்பு இதில் பேச்சாகவே இல்லை. நாட்டின் தலைமை நிர்வாகியை அதற்கு முன்பெல்லாம் மாற்றியவர்கள் மன்னரும் ரெசிடெண்டும் தான். முதன்முதலாகச் சபையின் பெரும்பான்மை மாற்றியது. கட்சிப்பூசல் என்று அதைப் பத்திரிகைகள் சலித்துக்கொண்டன. பூசல்தான், ஆனாலும் நெய்யாற்றின்கரையில் இறந்தவர்கள் கேட்ட அதிகாரம் அதில்தான் முதலில் செயல்பட்டது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சித்திரைத் திருநாள் இணைந்த மாநிலத்தின் தலைவரான ராஜப்பிரமுகர் ஆனார். பத்மநாபதாசராகிய தாம் வேறோர் உறுதிமொழி எடுப்பதெப்படி என்ற தயக்கம் அவருக்கு இருந்தது, வி.பி. மேனன் பேச்சு நடத்தி அதற்கு மாற்று வழி கண்டார். மன்னரின் மனச்சாட்சியும் அரசமைப்பும் மோதுவது திருவிதாங்கூருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1990 ஏப்ரலில் பெல்ஜிய மன்னர் போதுவன் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை என்றார். அமைச்சரவை அவரைத் தற்காலிகமாக ஆள இயலாதவர் என்று அறிவித்து, தானே சட்டத்தைப் பிறப்பித்தது. ஓரிரு நாளில் நாடாளுமன்றம் அவரைத் திரும்ப அமர்த்தியது. 2008இல் லக்சம்பர்க்கின் கோமகன் ஹென்றி கருணைக்கொலைச் சட்டத்துக்கு இசைய மறுத்தார். அந்நாடு அரசமைப்பைத் திருத்தி, அவருடைய இசைவு தேவையே இல்லை என்று ஆக்கிவிட்டது.

1935இல் மன்னரின் அரசு சிறையில் தள்ளிய சி. கேசவன், 1951இல் அதே மன்னர் ராஜப்பிரமுகராக இருக்கும்போது முதலமைச்சர் ஆனார். பழி வாங்கவும் இல்லை, பணிந்து போகவும் இல்லை. இருவரும் அவரவர் பதவியின் எல்லைக்குள் நின்றார்கள். பொறுப்பாட்சியின் பெரிய நன்மை இதுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் எல்லைக்கோட்டுக் கிராமங்களுக்கு அந்தச் சபை நீதி வழங்கியதா? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்ப் பகுதிகளாகப் பிரிய வேண்டும் என்று கோரியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1945இல் தோன்றிய அந்தக் கட்சிக்குப் பின்னர் ஏ. நேசமணி தலைமை தாங்கினார். சபையின் கணக்கில் அவர்களுக்கு ஒரு விசித்திரமான இடம் கிடைத்தது. 1952இல் ஏ.ஜே. ஜான் அமைச்சரவை அவர்கள் ஆதரவில் அமைந்தது. 1953 செப்டம்பரில் அவர்கள் கைவிட்டதும் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்ற முதல்வரின் ஆலோசனைப்படி ராஜப்பிரமுகர் சபையைக் கலைத்தார். அடுத்த தேர்தல் வரை ஜானே தொடர்ந்தார். மரபுப்படி எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் தமிழர் கோரிக்கை ஓர் அங்குலம் நகரவில்லை.

1954 தேர்தலில் 117 இடங்களில் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. வெறும் 19 பேர் கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரசின் வெளி ஆதரவோடு முதல்வரானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது அவருடைய காவல்துறை சுட்டது, பலர் இறந்தார்கள். 1938இல் நெய்யாற்றின்கரையில் சுட்ட அரசை எதிர்த்துச் சிறை சென்றவரின் ஆட்சி, பதினாறு ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து சிறிது தொலைவில் சுட்டது. ராம் மனோகர் லோகியா தம் கட்சியின் முதல்வரே விலக வேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை இழந்துதான் அவர் வீழ்ந்தார்.

சபையால் அமைச்சரவையை நீக்க முடிகிறது என்பது ஆட்சியைப் பொறுப்புள்ளதாக்கும்; நியாயமானதாக்கும் என்று உறுதி இல்லை. நூறில் பத்துப் பேராக இருப்பவர்கள் பேரம் பேசலாம், கவிழ்க்கலாம், தங்கள் வழக்கை வெல்ல முடியாது. இலங்கைத் தமிழர் இதை இன்னும் கொடுமையாக அனுபவித்தார்கள். 1948 முதல் 1972 வரை இலங்கையும் பிரிட்டிஷ் முடியைத் தலைமையாகக் கொண்ட நாடாளுமன்ற நாடு. சோல்பரி அரசமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டங்களைத் தடுத்தது. அது இருக்கும்போதே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. கோடக்கன் பிள்ளை தொடுத்த வழக்கில் 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தச் சட்டங்களைச் செல்லும் என்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். முடியின் பெயரால் கையெழுத்துகள் தவறாமல் விழுந்தன.

திருவிதாங்கூர்த் தமிழருக்கு விடை கிடைத்தது சபைக்கு வெளியே. பசல் அலி தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைப்படி, 1956 நவம்பர் 1 அன்று நான்கு தென் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரையும் அதியன்னூரும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அதே நாளில் ராஜப்பிரமுகர் பதவியும் மறைந்தது, ஆளுநர் வந்தார்.

மன்னராட்சியின் தடயம் முழுவதும் போய்விடவில்லை. அரசமைப்பின் 290அ பிரிவுப்படி, கேரளம் ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கு 46,50,000 ரூபாயும், எல்லைக்கு இப்பால் வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13,50,000 ரூபாயும் தர வேண்டும் என்பது இன்றும் சட்டம். மன்னர் மானியம் 1971இல் 26ஆம் திருத்தத்தோடு ஒழிந்தது. பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது ஆளுநர் நாற்காலி. மசோதாவுக்கு ஒப்புதல் தருவது, முதல்வரை அழைப்பது, சபையைக் கலைப்பது ஆகிய மன்னரின் பணிகள் அங்கே வந்து சேர்ந்தன. மலேசியாவில் ஒன்பது சுல்தான்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கொருவரைப் பேரரசராகத் தேர்கிறார்கள். 2022 நவம்பரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது அவர் அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக்கினார். சபை குழம்பிய வேளையில் மட்டுமே அவருடைய முடிவுக்கு வேலை வந்தது. கேரளத்தில் 1959 ஜூலை 31 அன்று நடந்தது அப்படியன்று. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசுக்குச் சபையில் பெரும்பான்மை இருந்தது; ஆளுநரின் அறிக்கையைப் பெற்று மத்திய அரசு அதை நீக்கியது. பிரிட்டனில் வில்லியம் மன்னரோடு முடிந்த பழக்கம் இங்கே அரசமைப்பின் 356ஆம் பிரிவாக உயிரோடு இருந்தது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்புதான், பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்று அதற்குக் கடிவாளம் இட்டது.

இப்போதைய சிக்கல் ஒப்புதல் தாமதம். களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள இரண்டு அரசுகளும் 2023இல் ஒரே குறையோடு உச்ச நீதிமன்றம் போயின: சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநரிடம் கிடக்கின்றன. ஆன் அரசிக்குப் பிறகு எந்தப் பிரிட்டிஷ் மன்னரும் பயன்படுத்தாத அதிகாரத்தை, நியமனத்தில் வந்த ஒருவர் மௌனத்தால் பயன்படுத்தலாமா என்பதுதான் வழக்கின் சாரம். 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டு வழக்கில் நீதிமன்றம் காலக்கெடு வகுத்து, பத்து மசோதாக்களையும் ஒப்புதல் பெற்றவையாகக் கொண்டது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் மேல் ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று வேறு விதமாகச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் வந்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது, காரணமில்லாமல் நீளும் தாமதத்தை மட்டும் நீதிமன்றம் ஓரளவு ஆராயலாம். எவ்வளவு நாள் நீண்டால் அது காரணமற்ற தாமதம் என்பதை இனி ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியே வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.